கிருஷ்ணவேணி போட்ட மதுரைத் திட்டம்

மதுரைக்குப் போய்வர கிருஷ்ணவேணி ஆறு வாரம் திட்டம் போட்டாள். போய்வந்தது என்னவோ ஒன்றரை நாள்தான். அவளைக் கேலி செய்யாமல் எனக்கு ஒரு பொழுதும் போனதில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவளும் நான்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நாங்கள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். மரச்சட்டத்துப் பள்ளங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். வேலை கைக்கு மட்டும்தான், வாய் சும்மா கிடக்கும். எங்கள் வரிசையில் நாலு பேர். கிருஷ்ணவேணி, நான், எங்களைவிடப் பத்து வயது மூத்த கோமதியக்கா, போன வருஷம்தான் கல்யாணமாகி வந்த மாரித்தாய்.

கிருஷ்ணவேணியின் புருஷன் மாயகிருஷ்ணன் ஆடு வைத்திருந்தார். வீட்டில் அவர், அவருடைய தம்பிமார் இரண்டு பேர், மூன்று பிள்ளைகள். தோசை என்பது எங்கள் பக்கம் அன்றைக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அந்த நாட்களில் விடியும் முன்னே அவள் அடுப்படியில் உட்கார்ந்தால் நாற்பது தோசைக்குக் குறையாமல் சுடுவாள். எல்லாரும் தின்று எழுந்த பிறகு சட்டியை வழித்து ஒன்று ஊற்றுவாள். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். எழுந்து போய் வருவதற்குள் அதுவும் ஆறிப்போயிருக்கும்.

மதுரையில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஓட்டலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தானே கேட்டு, ஒரு நெய் ரோஸ்டைச் சூடாகத் தின்ன வேண்டும். "தோசைக்கல்லுக்கு இந்தப் பக்கமே காலம் போயிருச்சு சுந்தரம். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் உக்காந்து பாத்திரணும்," என்று என்னிடம் சொன்னாள். அதற்கு மட்டும் நான் கேலி பேசவில்லை.

திட்டத்தை எழுதியது நான். வீணாய்ப் போன லேபிள் தாளின் முதுகில் எழுதினோம். ஆளுக்கு ஒரு ஆசை என்று பங்கு வைத்தாள். மாரித்தாய்க்கு சனிக்கிழமை ஆறு மணி ஆட்டம் சினிமா. எனக்கு நாயக்கர் மகால் தூண். கோமதியக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியூர்த் தெப்பக்குளம், அதிலும் தண்ணீர் கிடக்கும்போது பார்க்க வேண்டும். மீனாட்சி கோயில் பொது. எந்த ஓட்டல், எத்தனை மணிக்கு என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் லாரியில் பண்டல் ஏற்றிப் போகிற கடற்கரை அண்ணாச்சியிடம் கேட்டு வைத்தாள். நாலு மணிக்கு மேல்தான் ரோஸ்ட் போடுவார்கள் என்று அவர் சொன்னதை அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னாள்.

பெரிய சண்டை கட்டுச்சோற்றுக்குத்தான் வந்தது. வெளியூர் போகிறவர்கள் புளிச்சோறு கட்டாமல் போவதாவது என்று கோமதியக்கா ஒற்றைக் காலில் நின்றாள். புளிச்சோறு கூட வந்தால் அதைத்தான் தின்போம், ஓட்டல் வாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு வருவோம் என்றாள் கிருஷ்ணவேணி. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அக்காதான் இறங்கிவந்தாள்.

கணக்கப்பிள்ளை பூவனலிங்கம் நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு கொடுத்தது எங்களுக்கே ஆச்சரியம்தான். சனிக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினோம். கோயில், மகால் எல்லாம் திட்டப்படியே நடந்தது. மதியம் சாப்பாடு கிடையாது, ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். வயிறு காலியாக இருந்தால்தான் ரோஸ்ட் இறங்கும் என்பது அவளுடைய கணக்கு. பங்குனி வெயிலில் நாக்கு வறண்டு, சரியாக நாலு மணிக்கு அந்த ஓட்டலுக்குள் நுழைந்தோம். பெண்கள் என்றதும் திரைபோட்ட ஃபேமிலி ரூமைக் காட்டினார்கள். அவள் ஃபேனுக்கு அடியில், எல்லாரும் இருக்கிற இடத்தில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நாலு நெய் ரோஸ்ட் சொன்னாள். சர்வர் முதலில் நாலு டம்ளர் தண்ணீர் வைத்தார். குடித்தோம். உடனே ஊற்றினார். அதையும் குடித்தோம். மறுபடியும் ஊற்றினார். எங்கள் தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும், அதுவும் குடத்துக்குக் குடம் சண்டையோடு. ஊற்றி வைத்த தண்ணீரை அப்படியே விட்டு எழுந்திருக்க எங்களுக்கு வராது. அவரோ எங்களுக்குப் பெருந்தாகம் என்று நினைத்துவிட்டார். நல்ல மனுஷன், காலி டம்ளரைப் பார்த்தால் பொறுக்காது. உள்ளே கல்லில் கூட்டம் போலிருக்கிறது, ரோஸ்ட் வர அரை மணி ஆயிற்று. அதற்குள் ஆளுக்கு ஆறேழு டம்ளர் உள்ளே போய்விட்டது.

ரோஸ்ட் வந்தது. முழ நீளத்துக்கு, பொன்னிறமாய், நெய் மினுங்க வந்தது. கிருஷ்ணவேணி இரண்டு வாய் வைத்தாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை. எனக்கும் அப்படித்தான், அசைந்தால் வயிற்றுக்குள் தளக் தளக்கென்று தண்ணீர்ச் சத்தம். அப்போதுதான் மாரித்தாய் பக்கத்து மேசையைக் காட்டினாள். ஒருவர் டம்ளர் நிறையத் தண்ணீரை விட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். சர்வர் அதை எடுத்து எச்சில் வாளியில் கொட்டினார்.

தோசையை மட்டும் விட்டுவர முடியுமா. இலையில் மடித்துக் கட்டி வாங்கிக்கொண்டோம். ஆறு மணி ஆட்டத்தில் பாதிப் படம் நாங்கள் பார்க்கவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி வெளியே போய்வரவே நேரம் சரியாக இருந்தது. மாரித்தாய் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். ராத்தங்கலுக்குப் பிடித்திருந்த சத்திரத்துக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது ரோஸ்ட் ஈரத்துணியாகச் சவண்டு கிடந்தது. கிருஷ்ணவேணி அதைத்தான் தின்றாள். "ஆறின தோசைதான் எனக்குன்னு எழுதியிருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாள் தெப்பக்குளம் பார்த்துவிட்டு வந்தால் ரயிலுக்குத்தான் நேரம் இருக்கும். காலையில் கோமதியக்கா குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்கு வந்தாள். வந்தவள் நேற்றைய ஓட்டல் இருந்த திசையில் நடந்தாள். குளம் அந்தப் பக்கம் இல்லையே என்றாள் கிருஷ்ணவேணி.

"தெப்பக்குளத்தத்தான் நேத்தே குடிச்சாச்சே. இன்னிக்கு அங்கன போயி என்னத்தப் பாக்க. பேசாம வாட்டி," என்றாள் அக்கா.

ஓட்டலில் அதே சர்வர்தான் இருந்தார். காலையில் இட்லி, பொங்கல்தான், ரோஸ்ட் நாலு மணிக்கு மேல் என்றார். கிருஷ்ணவேணியின் முகம் விழுந்துவிட்டது. போகட்டும், பொங்கலே சாப்பிடுவோம் என்று அவள் ஆரம்பிக்க, கோமதியக்கா குறுக்கே விழுந்து நேற்று நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள், நாற்பது தோசை சுடுகிற தீபாவளி உட்பட. கேட்டவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"கல்லு காயுதும்மா. முதல் தோசையே உங்களுக்குத்தான்."

"முதல் தோசை கல்லுல ஒட்டும் அண்ணாச்சி. ரெண்டாவதத் தாங்க," என்றாள் கிருஷ்ணவேணி.

இந்தத் தடவை தண்ணீர் வைத்ததுமே நாலு பேரும் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டோம். எங்கள் மூன்று பேருக்கும் இட்லி போதும் என்றோம். ரோஸ்ட் வந்தது. புகை பறந்தது. அவள் முனையிலிருந்து பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். கையில் எது கிடைத்தாலும் அடுத்தவருக்குப் பாதி கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். எங்களுக்கும் ஒரு துண்டு நீட்டுவாள் என்று நாங்கள் இருந்தோம். நீட்டவில்லை. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. விரல் சுடுகிறது, ஊதிக்கொள்கிறாள், நிறுத்தவில்லை. ஒரு பொறுக்குக்கூட மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரம் என்று மாரித்தாயிடம் சொல்லிச் சமாளித்தேன்.

சர்வர் தட்டை எடுக்க வந்தார். போதுமா என்று அவர் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"இன்னொண்ணு கொண்டாங்க. இதே மாதிரி. அதுவும் எனக்குத்தான்."

நாங்கள் மூன்று பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் குனிந்துகொண்டோம். அவள் சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல், அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.