பெட்டிக்கு விசா வேண்டாம்

என் அக்கா புருஷனுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் நின்று வருஷக்கணக்காகக் கீழே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தரையில் நிற்கும்போதும் அத்தானுக்கு அந்தப் பார்வை மாறவில்லை. டாக்டருக்கு மருந்து சொல்வார். வாடகைக் கார் டிரைவருக்கு வழி சொல்வார். கார் முட்டுச்சந்தில் போய் நின்றதும், "இதை எப்பய்யா மூடினாங்க?" என்று அந்த டிரைவரையே அதட்டுவார்.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அளவெடுப்பவள். நாள் முழுக்கக் கழுத்தில் டேப்போடு, நெளியும் பிள்ளைகளை நிற்கவைத்து அளவெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பேசத் தெம்பு இருக்காது. தெம்பு இருந்தாலும் அந்த வீட்டில் பேச இடம் கிடைக்காது. அவளுக்கு நெடுநாளாக ஒரே ஓர் ஆசை. கப்பலில் போக வேண்டும்.

அவள் மகனும் மருமகளும் அதற்கு ஏற்பாடு செய்தார்கள். அக்காவும் அத்தானும், துணைக்கு நானும் என் மனைவியும். விமானத்தில் பக்கத்து நாட்டுக்குப் போய், அங்கே துறைமுகத்தில் கப்பல் ஏறி, இன்னொரு நாட்டின் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து விமானத்தில் வீடு.

கப்பல் கம்பெனி அனுப்பிய மெயிலை மருமகள் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"மாமா, கப்பல் ஏறுற நாட்டுக்கு மல்டிபிள் என்ட்ரி விசா எடுக்கணுமாம். கப்பல் வெளிய போயிட்டுத் திரும்ப வர்றதால, ரெண்டாவது தடவை உள்ள நுழையற மாதிரி ஆயிடுதாம்."

"யாரு சொன்னா?"

"கப்பல் கம்பெனியே போட்டிருக்காங்க மாமா."

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? அவங்க கப்பல் ஓட்டறவங்க."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

"நாம எத்தனை தடவை போறோம்? ஒரு தடவை. அப்ப ஒரு தடவைக்கான விசா போதும். இதுக்குப் போய் மூளையக் கசக்கறீங்க" என்றார் அத்தான்.

"ஏங்க, நடுவுல வேற நாட்டுக்குப் போறோமே?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்கு அவளிடம் தெம்பு இருந்திருக்க வேண்டும்.

"கடல்லதானே போறோம்? கடல் எவன் வீட்டுச் சொத்து? தண்ணில மிதக்கறவனை நிறுத்தி எவனாவது விசா கேப்பானா?"

போதாக்குறைக்கு, கப்பலில் வந்து பகலில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தத் தீவு நாடு விசா கேட்பதில்லை என்றும் அதே மெயிலில் இருந்தது. அத்தானுக்கு அது போதும். மெயிலில் அந்த ஒரு வரி மட்டும் விஷயம் தெரிந்தவர் எழுதியது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மருமகள் எங்கள் மூன்று பேருக்கும் மல்டிபிள் என்ட்ரிக்கு விண்ணப்பித்தாள். அத்தான் தன் விண்ணப்பத்தைத் தானே எடுத்துக்கொண்டு, டை கட்டிக்கொண்டு விசா மையத்துக்குப் போனார். அங்கே டோக்கன் மெஷினை எந்த மூலையில் வைத்தால் வரிசை சீக்கிரம் நகரும் என்று காவலாளிக்கு எடுத்துச் சொன்னார். போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிய பெண்ணிடம், "காது இருக்கறதாலதானேம்மா கண்ணாடி நிக்குது?" என்று வாதாடித் தோற்று, வேறு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவருடைய விசா எங்களுடையதைவிட முந்தி வந்துவிட்டது. அதை வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். கப்பல் கம்பெனிக்குப் பயந்து தேவையில்லாத விசா எடுத்தவர்கள் என்று எங்களைப் பார்த்து மனமுருகிப் பரிதாபப்பட்டார்.

துறைமுகத்தில் எல்லாம் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. பயணிகள் கூடத்தின் வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். கப்பலில் நடக்கும் கேப்டன் விருந்துக்கென்று தைத்த கோட்டு உள்ளே மடங்கியிருந்த அத்தானின் பெட்டி, அட்டை கட்டப்பட்டு, எல்லாருக்கும் முன்னால் உருண்டு உள்ளே போனது. அத்தான் அதற்குக் கையசைத்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துக் கப்பலேறும் அட்டை கொடுத்தாள். அத்தானுடையதை ஒரு தடவை புரட்டினாள். மறுபடி புரட்டினாள். பிறகு எழுந்து போய்த் தன் மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவர் ரொம்ப மரியாதையான மனிதர். மரியாதையான மனிதர்கள் வந்தாலே விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

"சார், உங்களோடது சிங்கிள் என்ட்ரி. நேத்து ஏர்போர்ட்ல இறங்கினப்பவே அந்த ஒரு என்ட்ரி முடிஞ்சுபோச்சு. இன்னைக்குக் கப்பல்ல வெளிய போனா, திரும்பி எப்படி உள்ள வருவீங்க?"

"கப்பல்லதான் வருவேன்."

"கப்பல் வரும் சார். நீங்க இறங்க முடியாதே."

"நான் எதுக்கு இறங்கறேன்? கப்பல்லயே இருந்துட்டுப் போறேன்."

"பயணம் இங்கதான் சார் முடியுது. எல்லாரும் இறங்கியே ஆகணும்."

"இறங்கி நேரா ஏர்போர்ட்டுக்குத்தானே போகப்போறேன்? உங்க நாட்டுல ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன்."

"ஏர்போர்ட்டும் எங்க நாட்டுலதான் சார் இருக்கு."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, விசாவை இங்கேயே மாற்றித் தரமுடியாதா என்று கேட்டார். புது விசாவுக்கு உங்கள் ஊரில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார் அதிகாரி.

"அப்ப என் பெட்டி?"

அதிகாரி யாருக்கோ போன் செய்து விசாரித்தார். பெட்டி கப்பலுக்குள் போய், அறை வாசலையும் அடைந்துவிட்டதாம். பெட்டிக்கு விசா வேண்டாம்.

எங்கள் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். 'வா, போகலாம்' என்று வாய் திறந்து சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் கிளம்பினால் அவளும் கிளம்புவாள் என்பது காலங்காலமாக உள்ள ஏற்பாடு. தோள்பையை மாட்டிக்கொண்டு நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன நிக்கற?"

"ரெண்டு பேரும் திரும்பிப் போய் என்ன பண்ணப்போறோம்? நீங்க ரூம் எடுத்து ரெஸ்ட் எடுங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

"தனியாவா?"

"தம்பி இருக்கான். உங்க பெட்டி இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தையும் வரவில்லை. வந்திருந்தால் அத்தான் சண்டை போட்டுத் தேறியிருப்பார். மாத்திரை டப்பாவை அவர் கையில் வைத்து, காலையில் சாப்பிட வேண்டியது எது என்று காட்டிவிட்டு, என் அக்கா கப்பல் ஏறிவிட்டாள்.

கப்பல் நகரும்போது அவள் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டா, சாப்பாடு எந்த மாடியில?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்த அக்காவை அதற்கு முன் பார்த்ததில்லை. மற்ற மேசைக்காரர்களோடு போய் உட்கார்ந்து பேசினாள். தீவில் இறங்கி முழங்கால் வரை தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் கத்தினாள். கேப்டன் விருந்தன்று ஏசி குளிர் தாங்காமல் அத்தானின் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் அகலம் கொஞ்சம் கூட வைத்துத் தைத்துவிட்டார்கள் என்பது தவிர வேறு குறை சொல்லவில்லை.

கரையில் அத்தானின் நிலைமை பிற்பாடுதான் தெரிந்தது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறார். மாற்றுத் துணி இல்லை. பயணிகள் கூடத்துக் கடையில் விற்றது ஒரே வகை பனியன், நெஞ்சில் பெரிய கப்பல் படம் போட்டது. வேறு வழியில்லாமல் அதையே வாங்கி மாட்டிக்கொண்டார். விடுதி லிஃப்ட் கொஞ்சம் முனகியிருக்கிறது. அது ஏன் முனகுகிறது என்று வரவேற்பு மேசைக்காரரிடம் தினமும் விளக்கியிருக்கிறார். கடைசியில் அந்த மனிதர் இவருடைய அறையைத் தரைத்தளத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். அது தன் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அத்தான் இன்றுவரை நம்புகிறார்.

நாங்கள் திரும்பிய காலையில், பெயர்ப்பலகை பிடித்து நிற்பவர்களுக்கு நடுவே, கப்பல் பனியனோடு அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. அக்காவைக் கண்டதும் கம்பித் தடுப்பு வரை ஓடி வந்துவிட்டார். உண்மையிலேயே ஓடிவந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவோடு ஒரு கூட்டமே வந்தது. எல்லாரும் மேசைத் தோழிகள். "இவருதான் எங்க வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்தாள்.

அந்த அம்மாக்களில் ஒருத்தி முகமெல்லாம் மலர்ந்து, "ஓ! சிங்கிள் என்ட்ரி சார் நீங்கதானா?" என்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். கவுன்ட்டரில் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசாத என் அக்கா, கப்பல் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அத்தான் எல்லாருக்கும் கை கொடுத்தார். காது சிவந்துவிட்டது. கூட்டம் கலைந்ததும், "என்னைப் பத்தி வேற ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னேன். நீங்க இருந்திருந்தா எனக்கு யார்கிட்டயும் பேச வாய்ச்சிருக்காதுன்னும் சொன்னேன்."

அத்தான் அவள் கையிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டு நடந்தார்.

விமானத்தில் அவர்களுக்குப் பின் வரிசையில் எங்களுக்கு இடம். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டோ எடுத்தியா?" என்று அத்தானின் குரல் கேட்டது. அக்கா போனை நீட்டினாள். பாறை, படகு, மீன் சந்தை, கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதைத் தப்பான பக்கத்துலேருந்து எடுத்திருக்க. அந்தப் பக்கம் போயிருந்தா வெளிச்சம் சரியா விழுந்திருக்கும்."

"அப்படியா?"

"இந்தத் தீவுல எப்பவும் சாயங்காலம்தான் நல்லா இருக்கும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்லையே" என்றாள் அக்கா. இருக்கையைச் சாய்த்துக்கொண்டு அவர் தோளில் தலையை வைத்தாள். தான் காலெடுத்து வைக்காத தீவைப் பற்றி அத்தான் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். நான் எட்டிப் பார்த்தபோது அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள்.