இரண்டரை வெள்ளிப் புட்டுமாயம்

பாண்டான் இலையும் அரிசிமாவும் சேர்ந்து வேகிற மணத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அந்த மணத்துக்கும் முன்னால் என்னை எழுப்புவது, மர அச்சு போடும் கிறீச்சென்ற சத்தமும், அதை அழுத்தும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சும்தான். மலாக்காவை அடுத்த புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை வாசலில், காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அம்மா 'புட்டுமாயம்' விற்றார். இடியாப்பத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்து, பொட்டலம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். மாவும் தேங்காயும் விலை ஏறிக்கொண்டே போனாலும் அம்மா மட்டும் ஏற்றமாட்டார். "ஆசப்பட்டு வெல ஏத்துனா அடுப்புல பூன தூங்கும்" என்பார்.

அவருடைய வலது தோள் அப்போதே கெட்டுப்போயிருந்தது. ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள் கிளினிக்கில். அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் அச்சைப் பிடித்தார். நான் அழுத்திப் பார்த்தால் அது அசைந்தே கொடுக்காது.

பதினாறு வயதில், நான்காம் படிவத்தில், 'ஆட் மேத்ஸ்' என்கிற கூடுதல் கணித ஆசிரியை இருபடிச் சார்பு நடத்தியது அந்தச் சமயத்தில்தான். கவிழ்த்த சட்டிபோல ஒரு வளைவு வரைந்து, விலை ஏற ஏற லாபமும் ஏறும், ஓர் உச்சிக்குப் பிறகு வாங்குகிறவர்கள் குறைந்து லாபமும் இறங்கிவிடும் என்றார். எனக்கு எங்கள் கடைதான் கண்முன் நின்றது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "மா, பத்துக் காசு ஏத்துனா எத்தன பேரு நின்னுருவாங்க?" என்று கேட்டேன். "மூனு பேராச்சும் போயிருவாங்க லா" என்றார் அம்மா.

அது போதும் எனக்கு. ஒரு பொட்டலத்துக்கு ஆகும் செலவே ஒரு வெள்ளி, ஆகவே அந்த விலைக்கு விற்றால் லாபமில்லை. இப்போது வாங்கும் அறுபது பேரில் பத்துக் காசுக்கு மூன்று பேர் வீதம் குறைந்தால், நான்கு வெள்ளியில் வாங்க ஆளில்லை. இரண்டுக்கும் நட்டநடுவே, இரண்டரை வெள்ளியில் இருந்தது உச்சி. அறுபது பொட்டலம் விற்று அறுபது வெள்ளி லாபம் பார்த்தவருக்கு, நாற்பத்தைந்து விற்றாலே அறுபத்தேழரை வெள்ளி கிடைக்கும். அந்த ஏழரை வெள்ளி எனக்குப் பெரிதாகப் படவில்லை. பதினைந்து பேர் வராமல் போனால் அம்மாவின் தோளுக்குப் பதினைந்து பொட்டலம் மிச்சம் என்பதுதான் என்னைத் துள்ள வைத்தது.

பல நாள் கெஞ்சிய பிறகு, "படிச்ச புள்ள சொல்லுது" என்று அம்மா இறங்கி வந்தார். ஒரு திங்கட்கிழமை நாற்பத்தைந்து மட்டும் செய்து எடுத்துப்போனோம். விலையைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

முதலில் வந்த மலாய்க்கார அக்கா, "தாக் அப்பா லா, காக்" என்று சொல்லி, பரவாயில்லை என்பதுபோல் அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். பின்னால் நின்ற தமிழர் ஒருவர், "இத்தன நாளா ஏத்தாம இருந்தீங்களேக்கா, அதே பெருசு" என்றார். சங்கு ஊதுவதற்குள் பாத்திரம் காலியாகிவிட்டது. கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "நாளைக்கு நமக்கும் எடுத்து வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து மீண்டும் அறுபது. லாபம் என் வளைவின் உச்சியைத் தாண்டித் தொண்ணூறில் போய் நின்றது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களப் போயி நான் அப்படி நெனச்சிட்டேனே" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்தக் கிறீச் சத்தம் ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. வாசலில் நின்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அம்மா என்னோடு மலாக்கா டவுனில் இருக்கிறார். வலது கை தோளுக்கு மேலே தூக்க வராததால், அலுவலகம் கிளம்பும் முன் அவருக்குத் தலை வாரிவிடுவது நான்தான். சில காலைகளில் அந்தத் திங்கட்கிழமைப் பேச்சு வந்துவிடும். "ஒருத்தர்கூடப் போவல, பாத்தியா" என்பார், பெருமையாக. அந்தப் பதினைந்து பேர் போயிருக்கலாமே என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

"ஆமாம்மா" என்று சொல்லிப் பின்னலை முடிக்கிறேன்.