புள்ளியில்லாத வண்டு

சிவகாசி அச்சகம் ஒன்றில் அலாவுதீனுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை: படத்தைச் சுத்தம் செய்வது. மத்தாப்பு டப்பாவில் சிரிக்கும் குழந்தையின் கன்னத்து மருவோ, காலண்டர் சாமியின் கழுத்தில் விழுந்த கீறலோ, கம்ப்யூட்டரில் துடைத்தெறிந்துவிடுவான். அந்தக் கம்ப்யூட்டரில் இடம் பத்தாது. திருத்திய படத்தைப் பழையதின் மேலேயே சேமித்துவிடுவது அங்கே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு ஆள். பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, டேப் சுற்றி ஒட்டிய கேமராவோடு ஆமத்தூர் துவரைக் காட்டில் மண்டியிட்டுக் கிடப்பான். அரிசியில் பாதிகூட இல்லாத பூச்சிகளை மூச்சடக்கிப் படமெடுத்து, அச்சகக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுருக்கி, கோயம்புத்தூரில் பூச்சிகளுக்கென்றே இணையதளம் நடத்திய ஓய்வுபெற்ற பேராசிரியர் சுந்தரபாண்டிக்கு அனுப்புவான். அவர் இனம் கண்டு பெயர் எழுதி, கீழே 'படம்: அலாவுதீன், விருதுநகர்' என்று போடுவார். அப்படி நூற்றுப் பதினாலு படங்கள். அச்சகத்தில் அவன் கைபட்ட லட்சம் டப்பாவில் ஒன்றிலாவது அவன் பெயர் உண்டா? அந்த வயிற்றெரிச்சலுக்கு இது ஒன்றுதான் மருந்து.

2007இல் பொங்கல் முடிந்த வாரம் பேராசிரியர் போன் செய்தார்.

"நீங்க அனுப்பின கறுப்பு வண்டு இருக்கே, அந்த இனத்துல எல்லாத்துக்கும் முதுகுல ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கும். உங்க வண்டுக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் பார்க்காத வண்டா இருக்கலாம் தம்பி. கைவசம் இருக்கா?"

"படம் எடுத்துட்டு விட்டுட்டேன் சார்."

"அப்ப சுருக்காத முழுப் படத்த அனுப்புங்க."

மனைவி தஸ்லிமா தெருவுக்கே சேதி சொல்லிவிட்டாள். "எம்புட்டு வருசமா பூச்சி பின்னால திரியிறீக, அல்லா இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்கான்" என்றாள்.

மறுநாள் அச்சகத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கரடுமுரடான முதுகில் இரண்டே இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. தன் கைவேலை தனக்குத் தெரியாதா? தூசி என்று நினைத்துத் துடைத்திருக்கிறான். துடைத்த நினைவுகூட இல்லை. பழைய படத்தின் மேலேயே சேமித்தும் இருக்கிறான். கேமராவின் கார்டை அழித்து இரண்டு வாரமாகிவிட்டது.

மூலப் படம் தொலைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இரண்டு நாள் அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தான். மூன்றாம் நாள் போன் செய்து உள்ளதைச் சொன்னான்.

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சொன்னீங்களே, அது போதும். மத்த நூத்திப் பதினாலுல எதையெல்லாம் துடைச்சீங்க தம்பி?"

அலாவுதீன் யோசித்தான். ஒரு குளவியின் காலில் இருந்த மயிர், ஒரு இலைப்பேனின் முதுகுக் கோடு... எது தூசி, எது பூச்சி?

"தெரியல சார்" என்றான். பிறகு, "எல்லாத்தையும் சைட்டுல இருந்து எடுத்துருங்க" என்றான்.

'எதுக்குத் தம்பி, இருக்கட்டும்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றார் அவர்.