ஈசானி மூலைக்குப் போன குளியல் தண்ணீர்

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்பதை நான் தெரிந்துகொண்டது ஐம்பத்தொன்றாவது வயதில், நானே கட்டிய வீட்டின் குளியலறையில் நின்றுகொண்டு. அதுவரை தெரியாதா என்றால், தெரியும். நான் சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பிரேக் போடும் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் ராசிபுரம் ரோட்டில் வீடு கட்ட இறங்கினேன். கட்டியது அம்மாவுக்காக. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வாழப்பாடியில் என் தங்கை வீட்டில் இருந்தார். நாங்கள் வாடகைக்கு இருந்ததோ மாடியில். வாக்கரோடு ஏற முடியாது. புது வீட்டின் கீழறையும் அதை ஒட்டிய குளியலறையும் அவருக்கு. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: ஈரத் தரையில் இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் நடை கிடையாது.

டைல்ஸ் ஒட்டிய அன்று பிளம்பர் ஊரில் இல்லை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் செல்போனில் வாஸ்து வீடியோ பார்த்து நான் முக்கால் ஜோசியனாக ஆகியிருந்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு, தரையின் வாட்டத்தை ஈசானி மூலைக்குக் கொடுக்கச் சொன்னேன். தண்ணீர் வடகிழக்காக ஓடினால் வீட்டுக்கு நல்லதாம்.

"ஏனுங்க, தண்ணி போற ஓட்டை எதிர் மூலையில இல்லீங்க இருக்குது?" என்றார் மேஸ்திரி.

"அதெல்லாம் போயிருங்க. மூலைதான் முக்கியம்."

அவர் என்னைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "ஊடு உங்குளுதுங்க," என்று சொல்லிவிட்டு ஒட்ட ஆரம்பித்தார்.

அந்த அறையில் ஈசானி மூலை இருந்தது கதவுப் பக்கம். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். அது ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்கு வந்து, வாசலைத் தாண்டி, அம்மாவின் கட்டில் போட வேண்டிய இடத்தில் போய்க் குளமாக நின்றது. ஓட்டையைச் சுற்றி மட்டும் துடைத்து வைத்ததுபோலக் காய்ந்து கிடந்தது.

அம்மா வர ஆறு நாள் இருந்தது.

"ஒரு வைப்பர் வாங்கி வெச்சுக்கங்க. குளிச்சு முடிச்சதும் ஒரு தள்ளு தள்ளுனாப் போச்சு," என்றார் மேஸ்திரி.

என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகியபடி குளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அத்தை ஒரு கையில வாக்கரு, ஒரு கையில வைப்பரு புடிச்சுக்கிட்டா வருவாங்க?"

அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. "ஒடச்சுரலாங்க மேஸ்திரி," என்றேன். அவர் வேறு சைட்டில் வேலை இருக்கிறது, பால் காய்ச்சிக் குடிபோன பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. ஒட்ட நீங்கள் வந்தால் போதும், உடைப்பதை நானே உடைத்துவிடுகிறேன் என்று சுத்தியலையும் உளியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை தரை முழுக்க உடைத்தேன். நன்றாகத்தான் போனது. அதனால் தைரியம் வந்து, சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துண்டை ஓங்கி ஒரு போடு போட்டேன். சுவருக்குள் போன சுடுதண்ணீர் பைப் உடைந்து முகத்தில் பீய்ச்சியது. கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கத்தினேன். மனைவி மொட்டை மாடிக்கு ஓடினாள்.

"எந்த வால்வுங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இருக்கறதை எல்லாம் மூடு."

"நாலு இருக்குதுங்க."

"நாலையும் மூடு சாமி."

ஊரிலிருந்து திரும்பிய பிளம்பர் பைப்பை மாற்றினார். சிரிக்காமல் மாற்றினார், அது சிரித்ததைவிட மோசம். மேஸ்திரியும் வந்தார். இந்தத் தடவை ஓட்டையிலிருந்து நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து ஒட்டினார். நான் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த பிறகு நாலு மூலையிலும் ஒவ்வொரு சொம்பு ஊற்றி, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தங்கியது. மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "அந்த ரெண்டு டைல்ஸை மட்டும் எடுத்துருங்க," என்றேன். எடுத்து, வாட்டம் பார்த்துத் திரும்ப ஒட்டினார். மறுபடி நாலு சொம்பு. எல்லாம் ஓட்டைக்குள் போய்விட்டது. அம்மா வருவதற்கு முந்தின நாள் கைப்பிடிக் கம்பியைச் சுவரில் பொருத்தி, அதில் நானே தொங்கிப் பார்த்தேன். என்னைத் தாங்கினால் யாரையும் தாங்கும்.

அம்மா வந்தார். வாக்கரை ஊன்றிக் குளியலறைக்குள் போய், தாழ்ப்பாள் போட வேண்டாம் என்ற என் சொல்லைக் கேட்காமல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு கூட ஆளில்லாமல் அவர் குளிப்பது அதுதான் முதல் தடவை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். வழுக்குதா, கம்பியைப் பிடித்திருக்கிறீர்களா, தண்ணீர் நிற்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டேன். உள்ளே சொம்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு அம்மா தானாக நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் வந்த வழியில் ஈரமே இல்லை. நான் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படீங்கம்மா இருந்துச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாளையிலிருந்து நான் குளிக்கறப்ப நீ கடைக்குப் போயிரு."