கடுகண்ணாவையில் காத்திருந்த முக்கால் மணி நேரம்

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ரமீஸின் மகள் அழைத்தாள். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்றாள். முந்தைய நாள் அவரை வைத்தியசாலையில் சேர்த்ததே நான்தான். ஆனாலும் அவள் சொன்னதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கண்டியில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் பத்து வருடம் இருந்தோம். ஞாயிறு வந்தால் பாறை ஏறப் போவோம். அவர் அலவத்துகொடயிலிருந்து சைக்கிளில் வருவார். நான் கட்டுகஸ்தோட்டையில் சேர்ந்துகொள்வேன். கண்டியில் சைக்கிள்களை ரயிலின் கார்ட் பெட்டியில் ஏற்றி, இறங்கும் நிலையத்திலிருந்து பாறையடிவரை மிதிப்போம். போகும்போதும் வரும்போதும் கார், வான், ஓட்டோ எதையும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒருமுறை கொட்டும் மழையில் தெரிந்தவர் ஒருவர் வானை நிறுத்தி ஏறச் சொன்னார். "நீங்க போங்க சேர், நாங்க நனைஞ்சு முடிஞ்சி," என்று ரமீஸ் சிரித்து அவரை அனுப்பிவிட்டார். அன்று மனதுக்குள் ரமீஸை நான் திட்டாத திட்டு இல்லை.

எனக்கு உயரம் என்றால் நடுக்கம். ஒருநாள் பாறையின் நடுவில் கைகால் விறைத்து, ஏறவும் இறங்கவும் முடியாமல் அழுதுவிட்டேன். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் கேலி செய்யவில்லை. "அழுது முடிச்சிட்டுச் சொல்லு மச்சான். நான் இங்கதான் ஈக்கிறேன்," என்றார். மறுநாள் அலுவலகத்தில் எவரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவுமில்லை.

கடைசி ஞாயிறு, கடுகண்ணாவை நிலையத்துக்குத் திரும்பியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. வாசலில் மூன்று ஓட்டோக்கள் நின்றன.

"ஓட்டோ பிடிப்பம் மச்சான்," என்றேன்.

"வாணாம். கேஸ்ட்ரிக்தான். ரயில் வந்துரும்."

அவருடைய மனைவியிடமும், அலுவலகத்திலிருந்து அடக்கத்துக்கு வந்த உங்கள் எல்லோரிடமும், "எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை" என்று சொன்னேன். அது பொய். ஒரேயொரு தடவைதான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் காத்த சட்டம் என்னால் உடையவில்லையே என்ற நிம்மதி. அவருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ரயில் வந்ததும் சைக்கிள்கள் இரண்டையும் பத்திரமாக ஏற்றினேன். கண்டி நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வைத்தியசாலைக்கு நடந்தே போனோம். அங்கே டொக்டர், "இவ்வளவு நேரமும் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

ரமீஸின் பிடிவாதத்தை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர் வலியில் இருந்த மனிதர். ஒரு வலியும் இல்லாமல், புத்தி தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் போட்ட சட்டம் மட்டும்தான். அதை நான் கடைசிவரை மீறவில்லை.