மிச்சப் பால் எங்கே போனது?

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் செல்வலட்சுமி எதையும் லேசில் நம்ப மாட்டாள். மாப்பிள்ளை பட்டதாரி என்று தரகர் சொன்னதற்கே, "சர்டிபிகேட்டக் காட்டச் சொல்லுங்க" என்றவள். செல்வக்குமார் அதை மறுநாளே கொண்டுவந்து காட்டிக் கல்யாணம் செய்துகொண்டார். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் சொல்லிச் சிரிப்பார்.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், மானாவாரிக் கிராமங்களின் பால் உற்பத்தி. வேலையும் குடும்பமுமாக இருப்பவளுக்கு வீடு வீடாகப் போய் விசாரிக்க ஏது நேரம்? பிறர் ஏற்கெனவே திரட்டிய புள்ளிவிவரங்களை வைத்துத்தான் எழுத வேண்டும்.

இணையத்தில் முதலில் அகப்பட்ட எண் பிரமாதமாக இருந்தது. ஆதாரம் எதுவென்று பார்த்தாள். அந்தப் பக்கம் ஓர் அறிக்கையைக் காட்டியது. அறிக்கை ஒரு கட்டுரையைக் காட்டியது. கட்டுரையோ, அவள் முதலில் பார்த்த அதே பக்கத்தைக் காட்டியது! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அரசின் புள்ளிவிவர நூலையும், பால் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கையையும் தேடிப் பிடித்தாள். இரண்டும் நம்பகமானவைதான். ஆனால் நூலில் இருந்த பாலில் பாதிகூடச் சங்க அறிக்கையில் இல்லை. இதில் எது பொய்? பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளாத்திகுளம் பக்கம் மாடு வளர்க்கும் தங்கை மாரிசெல்வியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒன் மாடு செவலை எவ்வளவு கறக்குது?"

"ரெண்டு நேரமும் சேத்து எட்டு லிட்டர் கறக்குதுக்கா."

"எட்டையும் சொசைட்டிக்கா ஊத்துத?"

"நல்லாக் கேட்ட போ! பிள்ளைக குடிக்காண்டாமா? டீக்கடை அண்ணாச்சி வேற விடிஞ்சதும் கேனோட வந்து நிக்காவ. மிச்சந்தான் சொசைட்டிக்கு."

"அடி என் ராசாத்தி!" என்று செல்வலட்சுமி போட்ட சத்தத்தில், மதியத் தூக்கத்திலிருந்த செல்வக்குமார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அரசு நூலில் இருந்தது, கறந்த மொத்தப் பாலின் மதிப்பீடு. மற்றது, சங்கத்துக்கு வந்து சேர்ந்த பால். இரண்டும் பொய்யில்லை, அவள்தான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டாள். அன்றே அட்டவணைகளைத் தனித்தனியாகப் பிரித்து, எந்த ஆண்டு, யார் எடுத்தது, எதை அளந்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள். இடையில் வீட்டுக்கும் டீக்கடைக்கும் போன பாலுக்கென்று புதிதாக ஓர் அத்தியாயமே கிளம்பியது.

வழிகாட்டியான பேராசிரியர் தேவஆசீர்வாதம் அதை ரசித்துப் படித்தார்.

"டீக்கடை அத்தியாயம் நல்லா வந்திருக்கும்மா. ஆனா தங்கச்சி சொன்னாங்கிறத ஆதாரமாப் போட முடியாதே?"

"அது தெரியும் சார். வீட்டுக்கும் டீக்கடைக்கும் எவ்வளவு பால் போகுதுன்னு ஒரு சாம்பிள் சர்வே இருக்கு. அதத் தேடி எடுத்துட்டேன். தங்கச்சி பேர நன்றியுரையில போடுதேன்."

சேதி கேட்ட மாரிசெல்வி விடவில்லை. "எம் பேரு மட்டும் போட்டா எப்பிடிக்கா? பால் குடுத்தது செவலைல்லா!"

ஆய்வேட்டின் நன்றியுரையில் இப்போது இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.