பிள்ளைச்சாவடியில் ஒரு பீரங்கி மேடு

காலை ஏழேகாலுக்குப் புதுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து இருபத்துநாலு மைல், பன்னிரண்டணா. பிரெஞ்சுக்காரர் கிளம்பி இரண்டு வருஷமாகியும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி அப்படியே இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் வந்தது தொப்பி பார்க்க அல்ல. இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்ட காலத்தில் பீரங்கி வைத்த மணல்மேடு ஒன்று வடக்கே பிள்ளைச்சாவடியில் மிச்சமிருப்பதாகக் கேள்வி. குதிரைவண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டு, ஒன்றேகாலுக்கு வந்தார்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மேட்டடியில் வாக்குவாதம். சாலைக்கு மண் எடுக்க லாரியோடு வந்திருந்த ஓவர்சியரை, காலி மீன்கூடையோடு ஒரு பெண்மணி மறித்து நின்றார். பெயர் அஞ்சலை. நான் சும்மா இருப்பேனா? இங்கே நம் சிப்பாய்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள் என்று பிரசங்கம் செய்தேன்.

"ஊரு பூரா சரித்திரந்தான் சார். அதுக்காவ ரோடு போடாம இருக்கறதா?" என்றார் ஓவர்சியர். என் முகம் தொங்கிவிட்டது.

"அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது," என்றார் அஞ்சலை. "கடல்லேர்ந்து பாத்தா இந்த மேடும் பின்னால அந்த ஒத்தப் பனையும் நேரா வரணும். அந்த வழியிலதான் அலை மடங்கிக் கவுக்காது. எங்க வீட்டுக்காரரு காலைல போயிருக்காரு. மேட்ட எடுத்துட்டா எதப் பாத்து வருவாரு?"

ஓவர்சியர் நம்பவில்லை. அஞ்சலையின் தம்பி எங்கள் இருவரையும் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டார். மேடும் பனையும் நேராக வந்த இடத்தில் கட்டுமரம் வழுக்கிக்கொண்டு போனது. ஓவர்சியருக்கு அப்போதும் சந்தேகம்.

"கொஞ்சம் தள்ளிதான் போயேன், பாப்போம்."

தம்பி தள்ளிப் போனார். அடுத்த அலையில் மூவரும் தண்ணீருக்குள் கிடந்தோம். கரையேறிய ஓவர்சியர், காதிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "உழவர்கரைப் பக்கம் மண் பாருங்கப்பா" என்று லாரியைத் திருப்பினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோட்டையில் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று அரசாங்கப் பலகை இருக்கிறது, அதன் நிழலில் ஆடுகள் தூங்குகின்றன. அந்தக் கோட்டை நாளைக்கே இடிந்தாலும் வழி தெரியாமல் நிற்கப்போகிறவர் யாரும் இல்லை.

பதினொன்றரைக்கு மேட்டின் உச்சியில் ஏறி, செத்துப்போன சிப்பாய்களை நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது கடலில் புள்ளி புள்ளியாகக் கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கீழிருந்து அஞ்சலை கூப்பிட்டார்.

"எறங்குங்க சார். பனைய மறைக்கிறீங்க. அவுரு வர்ற நேரம்."

இறங்கினேன்.